வார்க்கப்படாத சிப்பில் ஓடும் புரோகிராம்

512 நிரைகளும் 512 நிரல்களும் கொண்ட ஓர் அட்டவணை. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு பைட் அளவான ஒரு முழு எண். எல்லாவற்றையும் கூட்டச் சொல்லிச் சி மொழியில் இரண்டு விதமாக எழுதலாம். நிரை நிரையாகக் கூட்டிக்கொண்டு போவது ஒரு வழி, நிரல் நிரலாகக் கூட்டுவது மற்ற வழி. விடை ஒன்றுதான். கூட்டல்களின் தொகையும் ஒன்றுதான்: 262,144. ஆனாலும், கம்பைலர் தானாகத் திருத்திவிடாமல் பார்த்துக்கொண்டால், இரண்டாவது வழி சில மடங்கு மெதுவாக ஓடக்கூடும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அட்டவணையை 528 நிரல் அகலமாக அறிவித்து, கடைசி 16 நிரல்களைத் தொடாமலே விட்டுவிட்டால், அதே இரண்டாவது வழி வேகம் கொள்கிறது. வேலை ஒரு துளியும் குறையவில்லை. நினைவகத்தில் கொஞ்சம் இடத்தை வீணாக்கியதுதான் நடந்தது. அதனால் வேகம் எப்படிக் கூடும்?

மடிக்கணினிக்குள் இருக்கும் புரொசசரிடம் இதைக் கேட்டால் அரைகுறைப் பதில்தான் கிடைக்கும். அது மூடி முத்திரையிட்டு வந்த பொருள். உள்ளே ஒவ்வொரு கணத்திலும் எந்த எண் எங்கே இருந்தது, எது எதை வெளியே தள்ளியது என்று அது காட்டாது. காட்டக்கூடியது சிமுலேட்டர்: ஒரு புரொசசரின் நடத்தையை அப்படியே நடித்துக்காட்டும் மென்பொருள். அது திறந்த மூல மென்பொருளாகவும் இருந்தால், பார்ப்பதோடு நில்லாமல் உள்ளே கைவைத்து மாற்றவும் முடியும்.

இலங்கையில் சிப் வார்க்கும் ஆலை கிடையாது. கணினிக் கட்டமைப்பைப் படிக்கும் ஒருவருக்குக் கொழும்பிலிருந்தாலும் கிளிநொச்சியிலிருந்தாலும் ஆலை ஒரே தூரத்தில்தான் இருக்கிறது. வன்னியில் பல துறைகளுக்கு இந்தச் சமத்துவம் வாய்க்காது. மருத்துவம் படிக்கப் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும், வேதியியலுக்கு விலைகூடிய கருவிகள் வேண்டும். புரொசசர் வடிவமைப்பைக் கற்க ஒரு மடிக்கணினியும் பொறுமையும் போதும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, அதில் கணினிப் பொறியியல் துறையும் உண்டு. பம்பைமடுவில் 2021 ஆகஸ்ட்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. முல்லைத்தீவில் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைக்குத் தருக்கப் படலைகளும் ஃபான் நியூமன் கட்டமைப்பும் நினைவகப் படிநிலையும் பாடத்திலேயே வருகின்றன. படத்தில் பெட்டியும் அம்புக்குறியுமாகப் பார்த்த அந்தப் பொருட்களைத் தானே ஓடவைத்துப் பார்க்கும் வாய்ப்பைத்தான் நான் இங்கே முன்வைக்க விரும்புகிறேன்.

தொடங்க வேண்டியது சிறிதாக. 2010இல் பெர்க்லியில் கிறிஸ்ட் அசனோவிச், டேவிட் பேட்டர்சன், அவர்களின் மாணவர்கள் ஆண்ட்ரூ வாட்டர்மன், யுன்சப் லீ ஆகியோர் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதி யார் வேண்டுமானாலும் உரிமத்தொகையின்றிப் பயன்படுத்தக்கூடியது. அதன் 32-பிட் அடிப்படை வடிவத்தில் 40 கட்டளைகள்தான். அதற்கு ஒரு சிமுலேட்டர் எழுத வேண்டியவை இவ்வளவுதான்: 32 பதிவகங்களுக்கு ஓர் அணி, நினைவகத்துக்கு ஒரு பெரிய பைட் அணி, அடுத்த கட்டளை எங்கே என்று சொல்லும் ஓர் எண். பிறகு ஒரு முடிவில்லாச் சுற்று: கட்டளையை எடு, அதன் பிட்களைப் பிரித்து என்ன கட்டளை என்று அறி, செய், அடுத்ததற்குப் போ. சில நூறு வரிகளில் எழுதிவிடலாம். கிளைக் கட்டளைகளில் மட்டும் சற்று நின்று நிதானிக்க வேண்டும். தாவ வேண்டிய தூரத்தைக் குறிக்கும் பிட்கள் அங்கே வரிசையாக இராமல் கலைந்து கிடக்கும். அது கவனக்குறைவு அல்ல. குறியைக் காட்டும் பிட் எல்லா வடிவங்களிலும் 31ஆம் இடத்திலேயே இருக்கட்டும், மற்ற பிட்களும் இயன்றவரை இடம் மாறாதிருக்கட்டும், அதனால் மின்சுற்று எளிதாகட்டும் என்று செய்த ஏற்பாடு. எழுதுபவருக்குத் தொல்லை, சிப்புக்கு ஆறுதல். இதைக் கையால் எழுதிப் பார்க்கும்போதுதான் வடிவமைப்பாளர்களின் மனம் எங்கே இருந்தது என்பது விளங்கும். பெரிய சிமுலேட்டர்களைப் பதிவிறக்குவதற்கு முன் ஒவ்வொரு மாணவரும் இந்தச் சிறியதை ஒருமுறை எழுத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்படி எழுதிய சிமுலேட்டர் சரியான விடையைச் சொல்லும். எவ்வளவு நேரம் எடுத்தது என்று சொல்லாது. நமது அட்டவணைப் புதிரோ நேரத்தைப் பற்றியது. நேரத்தைச் சொல்ல, புரொசசரின் உள்ளமைப்பு முழுவதையும் நடிக்க வேண்டும்: கட்டளை எந்தப் படியில் காத்திருக்கிறது, தரவு வர எத்தனை கடிகாரத் துடிப்புகள் ஆயின, எந்தத் தாவலைத் தவறாக ஊகித்தது என்றெல்லாம். பெரிய சிமுலேட்டர்கள் இதை நிகழ்வு வரிசை ஒன்றைக்கொண்டு செய்கின்றன. இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் துருசு திறக்கும் திகதி, விதைப்பு முடிக்கும் திகதி, தண்ணீர் நிறுத்தும் திகதி என்று முன்கூட்டியே குறித்துக்கொள்வார்கள் அல்லவா, அதைப்போன்ற ஒரு நாட்காட்டி. நினைவகத்துக்கு ஒரு கோரிக்கை போனால், ‘இத்தனை துடிப்புக்குப் பின் பதில் வரும்’ என்று அதில் ஒரு குறிப்பு விழும். சிமுலேட்டர் அடுத்த குறிப்பு இருக்கும் கணத்துக்கு நேராகத் தாவும். இடையில் ஒன்றும் நடக்காத நேரத்தை அது ஓட்டிப் பார்ப்பதில்லை. ஜெம்5 என்ற சிமுலேட்டரில் இந்த நாட்காட்டியின் மிகச்சிறிய அலகு வழக்கமாக ஒரு பிக்கோ வினாடி, அதாவது வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு.

இப்போது புதிருக்கு வருவோம். புரொசசருக்கும் முதன்மை நினைவகத்துக்கும் இடையில் கேஷ் எனப்படும் சிறிய, வேகமான பதுக்கு நினைவகம் இருக்கிறது. 32 கிலோபைட் கொள்ளளவு, 64 பைட் கொண்ட துண்டுகள், எட்டுவழி அமைப்பு என்பது பல புரொசசர்களில் காணும் அளவு. கணக்குப் போட்டால் 64 கணங்கள், அதாவது இடங்களின் தொகுதிகள், கணம் ஒன்றுக்கு எட்டு இடங்கள். நினைவகத்தின் ஒவ்வொரு துண்டும் அதன் முகவரியைப் பொறுத்து ஒரே ஒரு கணத்தில்தான் அமரலாம். நிரை நிரையாகப் போகும்போது ஒரு துண்டை எடுத்தால் அதில் 16 எண்கள் சேர்ந்து வரும். தேடியது கேஷில் இல்லாத ஒரு தவறலுக்குப் பின் பதினைந்து எண்கள் கையருகே. நிரல் நிரலாகப் போகும்போது ஒரு எண்ணுக்கும் அதற்குக் கீழுள்ள எண்ணுக்கும் 2048 பைட் தூரம். அது சரியாக 32 துண்டுகள். 64 கணங்களில் 32, 32ஆகத் தாவினால் இரண்டே கணங்களில்தான் மாறி மாறி விழ முடியும். 512 துண்டுகள் இரண்டு கணங்களிலுள்ள 16 இடங்களுக்கு முண்டியடிக்க, மீதி 62 கணங்களும் வெறுமையாகக் கிடக்கின்றன. அடுத்த நிரலுக்கு வரும்போது முன்பு எடுத்த துண்டு எதுவும் அங்கே மிஞ்சியிராது.

528 அகலத்தில் தாவல் 33 துண்டுகள். 33க்கும் 64க்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி இல்லை. ஆகவே துண்டுகள் எல்லாக் கணங்களிலும் பரவும், கணத்துக்குச் சரியாக எட்டு. இருக்கும் இடங்களும் எட்டு. எல்லாம் உள்ளே அடங்கிவிடுகின்றன. பதினாறு நிரல்களுக்கு ஒருமுறைதான் புதிதாகக் கொண்டுவர வேண்டும். ஒரு சிமுலேட்டரில் இரண்டையும் ஓட்டி, கேஷ் தவறல்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, பொது வகுத்தி பற்றிய பள்ளிக்கூடக் கணிதம் இயந்திரத்தின் வேகத்தை ஆள்வது கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த ஜெம்5 எப்படி உருவானது என்பதிலும் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எம்5 என்றொரு சிமுலேட்டர் வளர்ந்தது, புரொசசரை நடிப்பதில் அது வலுவானது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜெம்ஸ் என்று இன்னொன்று வளர்ந்தது, நினைவகத்தையும் கேஷ்களுக்கு இடையிலான உடன்பாட்டையும் நடிப்பதில் அது தேர்ந்தது. இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டு, 2011இல் பதினாறு பேர் சேர்ந்தெழுதிய கட்டுரையோடு ஜெம்5 அறிமுகமாயிற்று. அந்தப் பதினாறு பேரில் அர்கப்பிரபா பாசு, துஷார் கிருஷ்ணா போன்றோரும் அடக்கம். பாசு இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆசிரியர். பல்கலைக்கழகங்களோடு ஏஆர்எம், ஏஎம்டி முதலிய நிறுவனங்களும் அதற்குக் குறிமுறை எழுதின. பி.எஸ்.டி உரிமத்தின் கீழ் வெளியானதால் எவரும் எடுத்து மாற்றலாம். உள்ளே சி++, வெளியே பைதான். இயந்திரத்தின் உறுப்புகளைச் சி++இல் எழுதி, எந்த உறுப்பை எதோடு பூட்டுவது என்பதைப் பைதானில் சொல்வார்கள். ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு இதில் ஆரம்பத்திலிருந்தே இருந்தது அல்ல. வேறொரு பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வு மாணவர் ஒருவர் எழுதிச் சேர்த்ததிலிருந்து 2017 அளவில் அது தொடங்கியது.

நீட்டித்து வளர்ப்பது என்றால் என்ன என்பதற்கு நமது அட்டவணையையே இன்னும் கொஞ்சம் இழுப்போம். நிரைகளை 576 ஆக்குங்கள், அகலம் அதே 528. இப்போது கணத்துக்கு ஒன்பது துண்டுகள், இடங்கள் எட்டுத்தான். இடம் போதாதபோது எதை வெளியேற்றுவது? ‘நெடுநேரம் தொடப்படாததை வெளியேற்று’ என்பது பலரும் முதலில் சொல்லும் நியாயமான விதி. அந்த விதி இங்கே படுதோல்வி அடைகிறது. ஒன்பதாவது வரும்போது முதலாவது வெளியேறும். அடுத்த சுற்றில் முதலில் தேவைப்படுவது அந்த முதலாவதுதான். அதை எடுத்துவர இரண்டாவது வெளியேறும். இப்படியே ஒவ்வொரு அணுகலும் தவறும். ஓர் இடம் குறைந்ததற்குத் தண்டனை ஒன்பதில் ஒன்று அல்ல, ஒன்பதில் ஒன்பதும்.

ஜெம்5இல் வெளியேற்றும் விதி ஒரு தனி வகுப்பாக எழுதப்பட்டிருக்கிறது. துண்டு புதிதாக வரும்போது, தொடப்படும்போது, செல்லாததாகும்போது என்ன குறித்துக்கொள்வது, கடைசியில் எதைப் பலியிடுவது என்று சில சிறு செயற்கூறுகளை எழுதினால் புதிய விதி தயார். ‘புதிதாக வருபவரைப் பெரியவராக மதிக்காதே, மறுமுறை தொடப்பட்டால்தான் அவரைக் காப்பாற்று’ என்று எழுதிப் பாருங்கள். ஏழு இடங்களில் ஏழு துண்டுகள் நிலைத்துவிடும், எட்டாவது இடம் மட்டும் கைமாறிக்கொண்டிருக்கும். ஒன்பதில் ஏழு அணுகல்களுக்குக் கேஷிலேயே பதில் கிடைக்கும். 2007இல் மொயினுதீன் குரேஷியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வின் கரு இதுதான். பெயர்பெற்ற ஓர் ஆய்வின் மையத்தைச் சில டசின் வரிகளில் தன் கையால் மீட்டெடுத்துப் பார்க்கிற அனுபவத்தை எந்தப் பாடப்புத்தகமும் தராது. அதேபோல ரிஸ்க்-ஃபைவில் பயன்படுத்துவோரின் சொந்தக் கட்டளைகளுக்கென்றே சில குறியீட்டு இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. அங்கே ஒரு புதிய கட்டளையைச் சேர்த்து, அது இருந்தால் ஒரு வேலை எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்கலாம்.

இதற்குக் கொடுக்கும் விலை நேரம். இன்றைய புரொசசர் ஒன்று வினாடிக்குப் பல நூறு கோடிக் கட்டளைகளைச் செய்யும். விரிவாக நடிக்கும் சிமுலேட்டர் அதே மடிக்கணினியில் வினாடிக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்ற அளவில்தான் நகரும். ஒரு லட்சம் கோடிக் கட்டளைகள் கொண்ட ஒரு பெரிய அளவீட்டுப் புரோகிராமை வினாடிக்கு ஒரு லட்சம் என்ற வேகத்தில் முழுக்க ஓட்டினால் 115 நாட்களுக்கு மேல் செல்லும். இதனால் 2002இல் சிம்பாயின்ட் என்ற முறை வந்தது. புரோகிராமின் போக்கைப் பகுத்து, ஒன்றுபோல் நடந்துகொள்ளும் பகுதிகளைத் தொகுத்து, தொகுதிக்கு ஒரு மாதிரியை மட்டும் விரிவாக ஓட்டுவார்கள். இன்னொரு கருவி இடைநிலைப் பதிவு. ஓட்டத்தின் நடுவில் இயந்திரத்தின் நிலையை வட்டில் எழுதிவைத்து, பிறகு அங்கிருந்தே தொடரலாம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நடந்த நாட்டில் இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

இன்னொரு நடைமுறைத் தடை, ஜெம்5ஐக் கம்பைல் செய்து எடுப்பதே. லட்சக்கணக்கான வரிகள். நினைவகம் குறைந்த மடிக்கணினியில் புரொசசரின் எல்லாக் கருக்களையும் ஒரே நேரத்தில் ஏவிவிட்டால் இடையில் நினைவகம் தீர்ந்து வேலை நின்றுவிடும். ஒன்றிரண்டு வேலைகளாக விட்டு இரவு முழுக்க ஓடவிடுவது நல்லது. முழு இயக்க முறைமையை ஏற்ற வேண்டிய வழிக்குப் பெரிய வட்டுக் கோப்புகளைப் பதிவிறக்க வேண்டும். ஒரு புரோகிராமை மட்டும் ஓட்டும் எளிய வழிக்கு நாமே கம்பைல் செய்த சிறு கோப்பு போதும். இணைப்பு மெதுவான இடங்களில் இரண்டாவதிலிருந்து தொடங்கலாம்.

சிமுலேட்டர் கல்விக் கருவி மட்டுமல்ல என்பதற்குச் சென்னையைப் பார்க்கலாம். சென்னை ஐஐடியில் வி. காமகோடி தலைமையில் வளர்ந்த சக்தி புரொசசர் திட்டம் ரிஸ்க்-ஃபைவ் அடிப்படையிலானது, அதன் வடிவமைப்பு திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. 2018இல் அதன் ஒரு சிப் இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையிலும், இன்னொன்று சண்டிகருக்கு அருகிலுள்ள எஸ்.சி.எல். ஆலையில் 180 நானோமீட்டரிலும் வார்க்கப்பட்டன. வார்த்த பிறகு பிழை கண்டால் அழிப்பானால் அழிக்க முடியாது. 1994இல் பென்டியத்தின் வகுத்தல் சுற்றில் தெரிந்த ஒரு பிழைக்காக இன்டெல் 47.5 கோடி டொலரை ஒதுக்க நேர்ந்தது. ஆகவே வார்ப்பதற்கு முன் எழுந்தமானமாகத் தயாரித்த புரோகிராம்களைச் சுற்று வடிவமைப்பின் மீதும், ஸ்பைக் என்ற பெர்க்லியில் பிறந்த திறந்த மூல ரிஸ்க்-ஃபைவ் சிமுலேட்டரின் மீதும் ஓட்டி, ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் பதிவகங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது இத்துறையின் வழக்கம். சக்தி குழு தன் தேவைக்கேற்ப ஸ்பைக்கை மாற்றி அமைத்து, அந்த மாற்றிய வடிவத்தையும் பொதுவில் வைத்திருக்கிறது. டெல்லி ஐஐடியில் ஸ்மிருதி ரஞ்சன் சாரங்கியின் குழு வேறு வழியில் போயிற்று. தேஜஸ் என்ற சிமுலேட்டரை ஜாவாவில் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டது.

இவ்வளவு சொன்ன பிறகு, சிமுலேட்டர் தரும் எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2001இல் தேசிகன், பர்கர், கெக்லர் மூவரும் ஒரு காரியம் செய்தார்கள். ஆல்ஃபா 21264 புரொசசர் கொண்ட உண்மையான கணினியையும், அதை நடிக்கும் சிமுலேட்டரையும் அருகருகே வைத்தார்கள். புரொசசரின் ஒவ்வொரு மூலையையும் தனித்தனியே சீண்டும் 21 நுண்புரோகிராம்களைக்கொண்டு சிமுலேட்டரைத் திருத்தித் திருத்தி, அவற்றில் சராசரிப் பிழையை 2 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். உண்மையான பெரிய புரோகிராம்களை ஓட்டியபோதோ, தொடக்கத்தில் 40 சதவீதமாக இருந்த பிழை 20 சதவீதத்துக்குச் சற்றுக் கீழேதான் இறங்கியது. சரிபார்க்காத சிமுலேட்டரை வைத்து ஆராய்ந்தால் சில இடங்களில் முடிவே மாறிவிடும் என்றும் காட்டினார்கள். ஐந்து சதவீத முன்னேற்றம் கண்டதாகக் கட்டுரை எழுதுகிறவர் தன் கருவியின் பிழை அதைவிடப் பெரிதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஜெம்5இலேயே நேரத்தைக் கணக்கில் எடுக்காத விரைவு வகைப் புரொசசர் மாதிரி ஒன்று உண்டு. அதில் ஓட்டிவிட்டு நேர அளவுகளை ஒப்பிடுவது பொருளற்றது, ஆனால் மென்பொருள் தடுக்காது, எண்களை அழகாக அச்சிட்டுத் தரும்.

இந்த இடத்தில்தான் மூலம் திறந்திருப்பதன் முழுப் பயன் தெரிகிறது. விலை குறைந்த ரிஸ்க்-ஃபைவ் பலகைகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன, விஷன்ஃபைவ் 2 அப்படியொன்று. அறிவியல் நகரிலோ பம்பைமடுவிலோ ஓர் ஆய்வுகூடம் அத்தகைய பலகை ஒன்றை வாங்கி, அதே கேஷ் அளவுகளை ஜெம்5இல் அமைத்து, 512, 528, 576 என்ற மூன்று அட்டவணைகளையும் இரண்டிலும் ஓட்டலாம். எண்கள் ஒத்துப்போகாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். பலகையின் வெளியேற்றும் விதி வேறாக இருக்கலாம். தரவை முன்கூட்டியே கொண்டுவரும் உறுப்பொன்று உள்ளே இருக்கலாம். சிமுலேட்டரில் நினைவகத் தாமதம் தவறாக இருக்கலாம். இவற்றை ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டி, எது வித்தியாசத்தைக் குறைக்கிறது என்று தேடலாம். தேடலில் சிமுலேட்டரின் பிழையொன்று அகப்பட்டால், திருத்தி அனுப்பலாம். 2023இலிருந்து ஜெம்5இன் வளர்ச்சி கிட்ஹப்பில் வெளிப்படையாக நடக்கிறது. அனுப்பிய திருத்தத்தை அறிமுகமில்லாத ஒருவர் வரி வரியாக வாசித்துக் கேள்வி கேட்பார், சோதனைகள் தாமாக ஓடும், தேறினால் சேரும். திறந்த மூல மென்பொருளில் மாணவர்களை ஈடுபடுத்தும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தின் முதல் பத்து ஆண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களைத் தந்த பல்கலைக்கழகம் மொறட்டுவை. திறந்த மூல மென்பொருளுக்குப் பங்களிக்கும் பழக்கம் இந்தத் தீவுக்குப் புதியதல்ல. சிமுலேட்டர் என்ற துறைக்குள் அதைக் கொண்டுவர, ஒரு விரிவுரையாளர் இறுதியாண்டுச் செயற்றிட்டப் பட்டியலில் இந்த அட்டவணைப் பரிசோதனையைச் சேர்த்தாலே தொடங்கிவிடும்.